மூன்று பாகை

வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
ரெஜைனாவில் இந்தக் கிழமை பிள்ளைகளை மைதானத்துக்கு விடமாட்டார்கள்.
மேசைகளைச் சுவரோடு தள்ளிவிட்டு
வெள்ளிக்கிழமையே தரையில் நீல டேப் ஒட்டிவைத்திருந்தேன்:
இரண்டு மீட்டர் இடைவெளியில் இரண்டு சமாந்தரக் கோடு,
இரண்டையும் சாய்வாக அறுத்துப்போகும் இன்னொன்று.
எட்டு மூலை. எட்டாம் வகுப்பு.

நான் கைதட்டி ஒரு பெயர் சொல்வேன்,
அந்த மூலைக்குப் பாயவேண்டும்.
பிந்தினால் வெளியே, பிழைவிட்டால் வெளியே.
வாய் ஆங்கிலத்தில்தான் கூப்பிடுகிறது;
உள்ளே முதலில் தட்டுவது தமிழ்.
குத்தெதிர்:
முகத்துக்கு முகம் முறைத்துக்கொண்டு நின்றாலும் சமம்.
ஒன்றுவிட்டது:
கலியாண வீடுகளில் மட்டும் காண்கிற ஒன்றுவிட்ட அண்ணன்,
கோட்டுக்கு அந்தப் பக்கம், அதே சாயல்.
நேயக் கோணம்:
பெயர்தான் நேயம்,
ஒருவர் விரிந்தால் மற்றவர் சுருங்கியே ஆகவேண்டும்.
பெயர் வைத்தவர் குடும்பம் நடத்தியவராக இருப்பார்.

"நூற்றுப் பன்னிரண்டு! அதற்கு ஒன்றுவிட்டது!"
பொக்டான் பாய்ந்தான், யூசுப் அவன் காலில் விழுந்தான்,
ஹார்லீன் ஒற்றைக் காலுறையோடு வழுக்கி வந்து சேர்ந்தாள்.
ரோவினா மட்டும் அசையவில்லை.
"குத்தெதிர் என்றால் போகிறேன் மிஸ். இது சமமில்லை."
"சமாந்தரம் என்றால் சமம்தான்.
போன கிழமை எழுதினோமே. அவுட்."

அவள் வாதாடவில்லை.
வெளியேறியவர்களோடு போய் இருக்கவுமில்லை.
வெண்பலகைக்குப் பக்கத்தில் தொங்கும் பெரிய பாகைமானியைக் கழற்றி
தரையோடு தரையாகக் குனிந்தாள்.
அவளைச் சுற்றி நாங்கள் இன்னும் இரண்டு ஆட்டம் ஆடினோம்.
பிறகு, யாருக்கென்று இல்லாமல்,
"நூற்று ஒன்பது."

நான் அளந்தேன். நூற்று ஒன்பது.
மானியைத் துடைத்துவிட்டு மறுபடி. நூற்று ஒன்பது.
வார இறுதியில் தரை துடைத்த ஹ்ரிச்சுக்,
ஈரத்தில் டேப் கிளம்பியதைப் பார்த்து
எனக்கு வேலை மிச்சம் என்று ஒட்டிவிட்டிருக்கிறார்,
கண் மதிப்பில்.
இல்லாத சமாந்தரத்தின் பேரில்
அதுவரை ஒன்பது பேரை வெளியேற்றியிருந்தேன்.

"அப்படியென்றால் இரண்டும் எங்கேயாவது முட்டும்," என்றான் பொக்டான்.
ஆட்டம் அங்கேயே முடிந்தது.
வகுப்பே கோட்டின் மேல் கவிழ்ந்தது.
மீட்டருக்கு ஐந்து சென்டிமீட்டர் நெருங்குகிறது,
இடைவெளி இருநூறு.
யூசுப் விரல் மடித்துச் சொன்னான்: நாற்பது மீட்டர்.
வெண்பலகைக்குள்ளால், துடைப்பங்கள் வைக்கும் அறைக்குள்ளால்,
சுவர் தாண்டி, வாகனத் தரிப்பிடம்.
எல்லோரும் யன்னலுக்கு ஓடினார்கள்,
பனியில் ஒன்றுமில்லாத ஓர் இடத்தைப் பார்க்க.

நான் சொல்லவேண்டிய வசனம் சிறியது.
பதினொரு வருடம் படிப்பித்த வாய்க்கு அது பழக்கமில்லை.
"நீ அவுட் இல்லை, ரோவினா. நான்தான்."
தோளைக் குலுக்கினாள்.
"கோடுதான், மிஸ்."

புதன்கிழமை மைனஸ் ஒன்பதுக்கு இளகியது.
உடற்பயிற்சிக் கூடத்தில் செம்மஞ்சள் கூம்பு ஒன்றைக் காணோம் என்று
ஆசிரியர் அறையில் முறைப்பாடு.
நான் தேநீரை ஊதிக்கொண்டிருந்தேன்.
மாலையில், பனி தள்ளும் வண்டி
தரிப்பிடத்தை நேர்நேராய் வழித்துக்கொண்டு வந்து
ஓரிடத்தில் மட்டும் தயங்கி,
சற்றே சரிந்து,
சுற்றிப் போனது.
எத்தனை பாகையோ,
நான் அளக்கவில்லை.