பஞ்சுத் துண்டு

படத்தில் சட்டைக் கையை மடித்துவிட்டிருக்கிறார் அதிபர்.
முழங்கை மடிப்பில் ஒரு பஞ்சு, மேலே ஒட்டுநாடா.
அவ்வளவுதான்.
அதைப் பெரிதாக்கி, இன்னும் பெரிதாக்கி,
சதுரம் சதுரமாய் உடைந்துபோகும்வரை பெரிதாக்கி
மூன்று நாளாய் ராக்வில்லில் யாருக்கும் தூக்கமில்லை.

என்னிடம் வருகிறார்கள்.
பதினாறு வருடமாய் ரத்தம் எடுப்பவள் நான்;
சலவைக்கடைக்கும் டோனட் கடைக்கும் நடுவே எங்கள் லேப்.
"நாலு மாதம் தாங்காது" என்கிறது சுவரோர நாற்காலி.
"குதிரை மாதிரி இருக்கிறார்" என்கிறது ஜன்னலோரம்.
டாக்டரின் கடிதத்தில் நாலு வரி,
நாலிலும் 'மிகச் சிறப்பு'.
நள்ளிரவில் டொரன்டோவிலிருந்து கொழுந்தன் இளம்பரிதி:
"எந்த மூடிக் குழாய் அண்ணி? ஊதாவா, மஞ்சளா?
இதயமா, மூளையா?"

பஞ்சுக்குத் தெரிந்தது ஒரு துளி, இளம்பரிதி.
குழாயின் மூடி படத்தில் இல்லை.
தெரிந்தாலும் சொல்லமாட்டேன்;
வேலைக்குச் சேர்ந்த அன்றே
வாயைப் பூட்டிக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை ஹார்லன் ப்ரூவர் வந்தார்.
வயது எண்பத்தொன்று. தொட்டால் நழுவும் நரம்பு.
சிவப்பு விளக்கில் நிற்காமல் திரும்பினாராம்;
கம்பத்துக் கேமரா பார்த்துவிட்டு
வீட்டுக்கே கடிதம் போட்டிருக்கிறது, எழுபத்தைந்து டாலர்.
"என் காரையும் இப்படித்தான் பெரிதாக்கினார்கள்,
நம்பர் பிளேட் தெரியும்வரை.
அலுவலாகத்தான் திரும்பினேன் என்று சொல்லிப் பார்க்கட்டுமா?"
அவர் சிரித்தார்.
கையில் ஊசி இருந்ததால் நான் சிரிக்கவில்லை.

அலுவல் செயல், சொந்தச் செயல் என்று
நீதிபதிகள் ஒரு கோடு போட்டார்கள்.
வெளியே நடந்ததென்றால் சட்டம் கையைப் பிடிக்கலாம்;
உள்ளே என்றால்
வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்க வேண்டும்.
கோடு எந்த வழியாகப் போகிறது என்று கேட்டால்
இன்னொரு வழக்கு, இன்னொரு வருடம்.

என் ரப்பர் பட்டைக்கும் ஒரு கணக்கு உண்டு:
கட்டினால் ஒரு நிமிடத்துக்குள் அவிழ்த்துவிட வேண்டும்.
அதற்கு மேல் இறுக்கி வைத்தால்
ரத்தமே பொய் சொல்ல ஆரம்பிக்கும்.

அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும்.
சரி.
தப்பு செய்தவன் அரசனாகவே இருந்தால்
அன்றைக்கு யார்?
அந்த 'அன்று' காலியாய்க் கிடக்கிறது.
அதனால்தானோ என்னவோ இத்தனை பேர்
நின்று கொல்வதன் காலடியை
ஒரு கிழவரின் தோலில் தேடுகிறார்கள்:
இருமினாரா, படியில் தடுமாறினாரா,
தண்ணீர்க் குவளையை இரண்டு கையாலும் பிடித்தாரா.

நானும் தேடினேன்.
ஞாயிறு இரவு, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு
இரண்டு விரலால் அந்தக் கையை விரித்தேன்.
பஞ்சுக்குக் கீழே நரம்பு நேராய் ஓடுகிறது.
குத்தியவள் கெட்டிக்காரி, கன்றிய சுவடுகூட இல்லை.
ஒரு நொடி
ஏமாற்றமாய் இருந்தது எனக்கு.
குழாயைத் திறந்து முகம் கழுவினேன், நெடுநேரம்.

"இரண்டு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள்" என்றேன் ஹார்லனிடம்.
பஞ்சு வைத்து நாடா ஒட்டினேன்.
பதினோரு மணிக்குக் கோர்ட்டில் இருக்க வேண்டுமாம்,
அதற்குள் ஒரு டோனட்.
மடித்த சட்டைக் கையை இறக்காமலே
வெயிலில் நடந்துபோனார், பஞ்சு பளிச்சென்று தெரிய.
யாரும் படம் எடுக்கவில்லை.