கழுவ வந்த கை

கைலாஹுன். அக்டோபர். மழை விட்டபாடில்லை.
குளோரின் வாளிக்கு அந்தப் பக்கம் நின்று
ஹிண்டோவா கேட்டான்:
"என் அக்காவை நான் கழுவக் கூடாதா?"

நான் ஆய்வகத்து ஆள். ஆறுதல் பேச வராது.
தெரிந்ததைச் சொன்னேன்.

செல்லின் தோல் கொழுப்பு. இரண்டு அடுக்கு.
உள்ளடுக்கிலேயே இருக்கவேண்டிய கொழுப்பொன்று
செல் சாகும்போது வெளியே புரளும்,
சட்டையைத் திருப்பிப் போட்டதுபோல.
பக்கத்துச் செல்கள் பார்க்கும்:
போய்விட்டது, எடுத்து அடக்குவோம்.

வைரசுக்குச் சொந்தத் தோல் கிடையாது.
கிளம்பிய வீட்டில் கிழித்துக்கொண்ட துணிதான்.
அந்தச் சாவடையாளம் வெளியே தெரியப்
போர்த்திக்கொண்டு வந்து ஒட்டும்.
பூட்டை உடைப்பதில்லை, ஹிண்டோவா.
இழவுக்கு வந்தவர்களே
உள்ளே தூக்கிப்போகிறார்கள்.

உள்ளறையில் மெல்லப் புளிப்பேறும்.
மடங்கியிருந்த கொக்கி அங்கேதான் நிமிரும்.
பிறகு தோலும் தோலும்,
கசாவா இலைக் குழம்பின்மேல்
இரண்டு பனையெண்ணெய்ச் சொட்டு
சேருமே, அப்படி.
ஒரு துளை. போதும்.

வெகுநேரம் பேசவில்லை அவன்.
"அப்போ அந்தச் செல்மேல் தப்பில்லை."
இல்லை.
"பைண்டுமேலும்?"
மாமியாரைக் கழுவிவிட்டவள் அவள்.
இல்லை என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.

கையில் சோப்பைத் தேய்த்தேன்.
சோப்புக்கும் பாதி உடம்பு கொழுப்புதான்;
அதனால்தான் அந்தத் தோல்
அதை நம்பிப் பிரிந்துபோகிறது.
இதை அவனிடம் சொல்லவில்லை.

வேலிக்கு அப்பால்
இரண்டு கைகளையும் மழையில் நீட்டி
நின்றுகொண்டிருந்தான்.
அவற்றுக்கு வேறு வேலை தெரியாததுபோல.