நீல ட்ரே

அரண்மனைப் பக்கத்துக் கடையில்
முன்பணம் ஆயிரம், மாதம் அறுநூறு, பத்துத் தவணை.
ஒருத்தி வாங்கினாள், அவளைப் பார்த்து இன்னொருத்தி.
வேனில் வருகிற பதினாறு பேரில்
பதினாலு பேரிடம் இப்போது அதே போன்,
அதே கருநீல முதுகு,
கடைக்காரர் சும்மா கொடுத்த அதே வழவழ உறை.
வேறு நிறம் கேட்டால் இருநூறு கூட.

திருப்பாலைக்குடி விலக்கு தாண்டி நண்டு கம்பெனி.
உள்ளே போன் கூடாது.
வாசலில், தராசுக்குப் பக்கத்தில், ஒரு நீல ட்ரே.
குப்புறப் போட்டுவிட்டுப் போவோம்.
மதியத்துக்குள் பதினாலும்
சங்காயம் மாதிரி ஒன்றின்மேல் ஒன்று கிடக்கும்.
ஒன்றுக்கு அழைப்பு வந்தால்
ட்ரே முழுக்க நடுங்கும்.

சனிக்கிழமை டிரைவர் ஹாரனை விடவே இல்லை.
கைக்கு வந்ததை எடுத்துக்கொண்டு ஏறினேன்.
உப்பூரில் நாலு பேர் இறங்கினார்கள்.
அதற்குப் பிறகுதான் திறக்கப் பார்த்தேன்.

ஆறு மணி நேரம் ஐஸ் தண்ணீரில் ஊறிய விரல்,
நண்டு ஓடு கீறிய விரல்.
திரை அதை விரல் என்றே ஒத்துக்கொள்ளாது.
துப்பட்டாவில் துடைத்து, வாயால் ஊதி,
கடைசியில் சுண்டுவிரல் கணுவால்
‘ப’ என்று ஒரு கோடு இழுத்தேன்.
திறந்தது.
எங்கள் எல்லாருக்கும் ‘ப’தான்.
கடைக்காரர் போட்டுக் காட்டிய ‘ப’.

ஆனால் முகப்பில் என் தம்பி இல்லை.
பெட்டியிலிருந்து வந்த வெறும் நீலம்.
இது ஜெனோவாவுடையது,
வாரத்துக்கு நாலு வார்த்தை பேசுகிறவள்,
அவளும் உப்பூரில்தான் இறங்கினாள்.

மூடியிருக்க வேண்டும். மூடவில்லை.
யாராவது ஒருவன் இருப்பான் என்று நினைத்தேன்.
உண்மையைச் சொன்னால்
இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன்.

கேலரியில் ஒரு முகமும் இல்லை.
தராசு.
சிவப்பு எண்கள், 3.460.
அடுத்த படம் சூப்பர்வைசர் நோட்டு,
அதே தேதி, அவள் பெயருக்கு நேரே 3.2.
தராசு, நோட்டு. தராசு, நோட்டு.
கையெழுத்துப் போடுகிற சாக்கில் எடுத்திருக்கிறாள்,
சிலது ஆடிப்போய், சிலதில் பாதிக் கட்டைவிரல்.
மலிவு கேமராதான்.
ஆனாலும் புள்ளிக்குப் பின்னால் இருப்பதைப்
படிக்க முடிகிறது.

தள்ளத் தள்ள வருகிறது. ஆகஸ்ட், ஜூலை, ஜூன்.
வேனுக்கு இரண்டு பக்கமும் கருவேலம்,
அதற்கு அப்பால் எங்கேயோ தட்டையாகக் கடல்.

அப்புறம் ஒரு கை.
பெட்டியைத் தராசில் வைக்கிற கை,
மணிக்கட்டில் பச்சை நூல்,
பெருவிரலில் மூன்று தையல்.
என் கை.
4.180.
நோட்டில் பெல்சி, 3.9.
அந்த நாள் எனக்கு நினைவே இல்லை.
இருநூற்று எண்பது கிராம்,
அரை மணி நேரம் போல நான் உடைத்தது.

அடுத்ததில் பாக்கியத்தின் கண்ணாடி வளையல்.
அடுத்ததில் ரெஜினா அக்காவின் நகம் போன விரல்.

மேலே ஒரு பட்டை வந்து நின்றுகொண்டது:
சேமிப்பிடம் நிரம்பிவிட்டது.
ஒரு பாட்டு இல்லை, விளையாட்டு இல்லை,
அவளை அவளே எடுத்த படம்கூட ஒன்று இல்லை.

ராத்திரி காரங்காட்டில் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம்
கோயில் மதில் ஓரம்.
அங்கே நிற்கும்போது அடித்தது.
திரையில் ‘பெல்சி வேன்’.
என் அழைப்பை நானே எடுத்தேன்.

“பார்த்தியா?” என்றாள். ஹலோ கிடையாது.
“ம்.”
அந்தப் பக்கம் யாரோ பாத்திரம் கழுவினார்கள்.
கழுவி முடிகிறவரை இரண்டு பேரும் பேசவில்லை.
“என்னதுல இடம் இருக்கு,” என்றேன்.

“எங்க இருக்கு? நானும் பார்த்தேன்.
உன் தம்பி ஆடுறதே எட்டு வீடியோ.
முதல்ல அதை அழி.”