மூன்று இலக்கம்

மேலே பாலத்தில் ரயில் போகும்போது
பேச்சை நிறுத்திவிட வேண்டும்.
இந்தத் தெருவுக்கு வந்த முதல் வாரத்திலேயே
வாய் அதைக் கற்றுக்கொள்ளும்.
"சம்பளம் மூவாயிரத்து..."
ரயில்.
"...இருநூறு. படுக்க இடம் உண்டு."

பதினேழு வருடம்
கம்பி வைத்த சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து
ஆள் அனுப்பினேன்.
ஊர்ப்பெயர் சொல்வதில்லை, யாருக்கும் வாயில் நுழையாது.
தொலைபேசி எண்ணின் முதல் மூன்று இலக்கம் போதும்.
ஐநூற்று நாற்பது: மலை, கை நீட்டாத முதலாளி.
இருநூற்று ஏழு: குளிர், தேதி தவறாத சம்பளம்.
தொள்ளாயிரத்துப் பதினெட்டு: பேருந்தில் ஒன்றரை நாள்.
பொரிக்கத் தெரிந்தவன், வாணலி பிடிப்பவன்,
பாத்திரம் கழுவ மட்டும் தெரிந்தவன்,
யாரானாலும் சீட்டுக்கு முப்பது டாலர்.
இந்த நாடு எனக்கு
எண்களாகத்தான் மனப்பாடம்.

பிறகு வேலையெல்லாம் கைபேசிக்குள் குடிபோனது.
ஃபூஜோ ஆட்கள் குவீன்ஸுக்கும் புரூக்ளினுக்கும்
அரிசி மூட்டையோடு போனார்கள்.
மீன்கடை இருந்த இடத்தில்
இப்போது நாய்களுக்கு முடி வெட்டுகிறார்கள்.
சாவுச் சாமான் கடை மட்டும் அசையவில்லை.
நான் ஐந்தாம் மாடியில்,
பழைய வாடகையில்,
வீட்டுக்காரன் என்றைக்குச் செத்துப்போவேன் என்று பார்க்கும்
பல்லாக.

என் சன்னல் இப்போது ஓவியக்கூடம்.
நடத்துகிறவள் மெரிடித் மோய்.
நாலு தலைமுறைக்கு முன் தைஷானிலிருந்து வந்த
சலவைக்காரரின் வழி.
முகம் எங்களுடையது, எழுத்து தெரியாது.
என் சிவப்புப் பலகையைக் கழற்றவில்லை,
அழகாக இருக்கிறதாம்.
துடைத்து, விளக்குப் போட்டு வைத்திருக்கிறாள்.
திறப்புவிழாவுக்கு என்னையும் கூப்பிட்டாள்.
"யுன்லான், இதில் என்ன எழுதியிருக்கிறது?"
"வேலை பிடிக்காமல் திரும்பி வந்தால் பணம் திரும்பாது."
நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.
"எவ்வளவு ஆழம்."
ஆழமில்லை அம்மா.
திரும்பி வந்தார்கள். கேட்டார்கள்.
ஒருவன் நாற்காலியைத் தூக்கி அடித்தான்.

அப்போதுதான் அந்தப் பையன் உள்ளே வந்தான்.
முதுகில் பை, காலில் இரண்டு அளவு பெரிய செருப்பு.
வெளியே நின்று பலகையைப் படித்திருக்கிறான்,
படித்ததை நம்பியிருக்கிறான்.
வரிசையைப் பார்த்து வரிசையில் நின்றான்.
முறை வந்தபோது கையில் ஒயின் கொடுத்தார்கள்.
இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு
என்னைக் கண்டு நிம்மதியாக வந்தான்.
ஹெனான் பக்கத்துப் பேச்சு.
"அக்கா, இங்கே வேலை..."

இரட்டைக் கண்ணாடி போட்டிருக்கிறாள் மெரிடித்.
சத்தம் வரவில்லை.
கோப்பையில் ஒயின் மட்டும் நடுங்கியது.
கூடம் முழுக்கப் பேசிக்கொண்டே இருந்தது.
அவன் நிறுத்தினான்.
நானும் நிறுத்தியிருந்தேன்.

ரயில் போய்விட்டது.

"...கிடைக்குமா?"

விலைப்பட்டியல் ஒன்றைத் திருப்பினேன்.
தொள்ளாயிரத்துப் பதினெட்டு என்று தொடங்கி
ஓவ் முதலாளியின் எண்ணை
யோசிக்காமல் எழுதியது கை.
பொரிக்கத் தெரியும் என்று சொல், போனபின் கற்றுக்கொள்.
பேருந்து ஆறு மணிக்கு, சாவுச் சாமான் கடை வாசலில்.

சட்டைக்குள்ளிருந்து முப்பதை எடுத்து நீட்டினான்.
இருபதை எடுத்துக்கொண்டேன்.
பலகையைக் காட்டினேன்:
படித்தாயா?
அது இன்னும் செல்லும்.