இரண்டு வினாடி

பாகாவ் ஊரின் வெளிச்சம்
தெற்கே பழுத்த கட்டிபோல் வீங்கியிருக்கும்.
அதற்கு முதுகைக் காட்டி
ஆறாம் டிவிஷன் மறுநடவில்
முக்காலியை ஊன்றினேன்.
முழங்கால் உயரச் செம்பனைக் கன்றுகள்.
இன்னும் நாலு வருடத்துக்கு
இங்கே வானத்தை மறைக்க ஆளில்லை.

ஆலை லேபில் எனக்கு இரண்டாம் ஷிப்ட்.
எண்ணெயில் எவ்வளவு அமிலம், எவ்வளவு ஈரம் என்று
சொட்டுச் சொட்டாய் அளந்துவிட்டு
அதே நாற்றத்தோடு வந்திருக்கிறேன்.
மழை ஓய்ந்த ராத்திரிதான் லாயக்கு.
ஆனால் அரைமணியில் லென்ஸ் வியர்த்துவிடும்,
நானூறு ரிங்கிட், பழையது,
சுடுபை சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருக்கிறேன்
காய்ச்சல் பிள்ளைக்குப் போல.

வடக்கே ஏழு முனிவரும்
குப்புறக் கவிழ்ந்து கிடந்தார்கள்.
வால் நடுவில் வசிஷ்டர்.
ஒட்டினாற்போல் அவள்.

இரண்டு வினாடிக்கு மேல் கண் திறந்தால்
பூமி சுற்றுவது தெரிந்துவிடும்,
புள்ளி புழுவாகிவிடும்.
ஆகவே இரண்டு வினாடி, இரண்டு வினாடி,
நூற்றிருபது தடவை.

என் கல்யாணத்தில் பகல் பதினொன்றரை.
ஐயர் மண்டபத்துக் காற்றாடியைச் சுட்டி
அருந்ததி தெரிகிறதா என்றார்.
தெரிகிறது என்றோம்.
இரண்டு பேரும் சேர்ந்து சொன்ன முதல் பொய்.
அப்புறம் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டோம்,
சிரம்பான் கோர்ட்டில் கையெழுத்துப் போடும்வரை.

எழுபதாவது கிளிக் இருக்கும்.
மோட்டார் சத்தம், டார்ச்.
குலை திருட வந்தாயா என்று
உடைந்த மலாயில் அதட்டல்.
கன்றில் ஏது குலை என்றேன்.
அவனும் குனிந்து கன்றைப் பார்த்தான்.
சட்டையில் பெயர் தைத்திருந்தது: புஷ்கர் தமாங்.
டார்ச்சை அணை, வானம் எரிகிறது என்றேன்.
அணைத்தான்.
கண்ணுக்கு இருட்டுப் பழக
இருவரும் சும்மா நின்றோம்,
தவளைகளுக்கு நடுவே.

"துருவ் தாரா?" என்றான் திடீரென்று.
மலாய் இல்லை, தமிழும் இல்லை, ஆனாலும் புரிந்தது.
ஆலைப் புகைக்கூண்டைக் காட்டினேன்.
அதன் பின்னே மூன்று பாகை உயரத்தில்
நீராவிக்குள் எங்கோ இருக்க வேண்டும்.
பிறந்து முப்பத்தொன்பது வருடம்,
நான் பார்த்ததில்லை.

அவன் கையைத் தலைக்கு மேல் தூக்கினான்.
எங்கள் ஊரில் இவ்வளவு உயரம், தீதி.
இங்கே வந்த முதல் ராத்திரி தேடினேன்.
திருட்டுப் போய்விட்டது என்று நினைத்தேன்.
காவல்காரன் சொன்னதால்
சிரிப்பை அடக்க முடியவில்லை.

திரையைப் பத்து மடங்கு பெரிதாக்கி நீட்டினேன்.
மூக்கு ஒட்டுமளவு குனிந்து
"துவா," என்றான்.
இரண்டு.
மண்டபத்தில் முந்நூறு பேர் இருந்தும்
ஒருவர்கூட எண்ணிச் சொல்லவில்லை.

வீட்டில் உட்கார்ந்து பிரித்தேன்.
ஒன்பது படம் டார்ச்சில் பாழ், வெறும் வெள்ளை மூட்டம்.
மழைக்குப் புறப்பட்ட ஈசல் ஒன்று
ஒரு படத்தில் குறுக்கே போயிருக்கிறது.
கூர்மை இல்லை, இறக்கை மட்டும் பெரிதாய்,
வசிஷ்டரை முழுசாய் விழுங்கி.
மற்றவற்றைச் சேர்த்து அடுக்கினால்
அசைந்தது எல்லாம் தானே கழிந்துபோகும்.
ஈசல் இல்லை, அவன் இல்லை,
இருமிய நானும் இல்லை.
சுத்தமான கறுப்பில் இரண்டு புள்ளி.

முன்னாள் கணவன் எண்ணைத் திறந்தேன்.
என்ன எழுதுவது?
நிஜமாகவே இருக்கிறது என்றா?
மூடினேன்.

புஷ்கர் நம்பர் தந்திருந்தான், அவனுக்குப் போட்டேன்.
ஈசல் படத்தையும் சேர்த்துத்தான்.

ஆறு மணிக்கு ஆலைச் சங்கு ஊதும்போது பதில்:
மனைவிக்கு அனுப்பினானாம்.
ஊரில் ராத்திரி முழுக்க மேகமாம்.
அவள் இதைத்தான் பார்த்தாளாம்.
பூச்சி என்ன பூச்சி என்று கேட்கிறாளாம்.