நாலாவது கட்டம்

முல்லைத்தீவு நீதவான் நீதிமன்றில்
பதினேழு வருஷமாக நான் முதலியார்.
பெயர், வயது, தொழில் கேட்பேன்.
நாலாவது கட்டம் சமயம்.
மறுமொழி வருமுன்னே
எந்தத் தட்டுக்குப் போகவேண்டுமென்று
கைக்குத் தெரிந்துவிடும்.

வேதாகமத்தின் மட்டை முத்தத்தால் கறுத்தது.
வெள்ளிக்கிழமைகளில் டெற்றோல் பஞ்சால் துடைப்பேன்.
குர்ஆன் பச்சைத் துணிக்குள்.
சைவருக்குப் புத்தகமில்லை, பொலித்தீன் உறையில் ஒரு தாள்,
எனக்கு முந்தியவரின் பேனை எழுத்து,
‘கடவுளறிய’ என்று தொடங்கும்.

அன்று பேராற்று மண் வழக்கு.
டிப்பர் சாரதி மட்டையை இரண்டுதரம் முத்தமிட்டான்.
பேராற்றில் மண் ஏற்றினாயா என்றதற்கு
எந்தப் பேராறு என்று திருப்பிக் கேட்டான்.
சாஜனுக்கு அதைச் சிங்களத்தில் சொன்னேன், வழமையான குரலில்.
பொய்க்கென்று வேறு குரல் வைத்திருக்க
எனக்குச் சம்பளமில்லை.

அடுத்தது தெய்வேந்திரம், ஐம்பத்தெட்டு, தோட்டம்.
சமயம்?
“இல்லை.”
சைவமெண்டு போடட்டோ, மெல்லக் கேட்டேன்,
பெயரைப் பார்த்து.
“அது அப்பு வைச்ச பெயர். இல்லையெண்டு போடுங்கோ.”

எதிரியின் சட்டத்தரணி எழும்பினார்.
எதற்கும் அஞ்சாத ஒருவரின் வாக்கை,
கனம் நீதவான் அவர்களே,
எந்தக் கட்டையில் கட்டுவது?
வற்றாப்பளையில கற்பூரம் அணைக்கச் சொல்லுங்கோ,
பின்வாங்கில் யாரோ முணுமுணுத்தார்கள்.
யன்னலுக்கு வெளியே, அரசமரத்தடியில்,
ஆமிக்காரர் வைத்துவிட்டுப் போன புத்தர்
வழக்கில்லாதவர்போல் இருந்தார்.

“பதினொரு லோட் ஐயா.
இரவு ரெண்டு மணியிலயிருந்து விடியுமட்டும்.
கமக்காரர் சங்கக் கொப்பியின்ர பின்பக்கத்தில
நம்பரெல்லாம் எழுதியிருக்கு.
எதுக்குப் பயமெண்டு கேட்டியள்.
டிப்பருக்குத்தான் பயம்.
என்ர வீடு அந்த ஒழுங்கையிலதான்.”

நீதவான் மட்டக்களப்பிலிருந்து மாற்றலாகி வந்தவர்,
என் மகளின் வயது.
ஏதோ பிரிவின் இலக்கம் சொன்னார்.
“உறுதியுரை போதும்.
முதல் சொல்லை விட்டிட்டு வாசியுங்கோ, முதலியார்.”

தாளை உறையிலிருந்து உருவினேன்.
காலையில் பூசிய திருநீறு என் நெற்றியில் இருந்தது.
முதல் சொல்லைக் கட்டைவிரலால் பொத்திக்கொண்டு வாசித்தேன்.
அவர் திருப்பிச் சொன்னார்,
கடைக்காரன் தந்த மிச்சக் காசை எண்ணுகிறவர்போல
ஒவ்வொன்றாக.
நாலாவது கட்டத்தில் ஒரு கோடு போட்டேன்.

மதியம் சாப்பிடப் போகும்போதுதான் கண்டேன்,
வியர்வையில் அந்தச் சொல்லின் மை
விரலில் ஒட்டியிருந்ததை.
குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்சநேரம் நின்றேன்.

வழக்கு மார்கழிக்குத் தவணை.
அதற்குள் மழை வந்து கிடங்குகளை நிரப்பிவிடும்.
தெய்வேந்திரம் கொப்பியைச் சேட்டுக்குள் செருகிக்கொண்டு
சைக்கிளை உருட்டினார்.
வாசலில் அதே முதலாளியின்
இன்னொரு டிப்பர்
எஞ்சின் நிறுத்தாமல் நின்றது.