தகப்பன் பெயர்

நனைத்த விதையின் தோலை
நகத்தால் உரித்தால்
ஒன்றல்ல, ஐந்து கருக்கள்.
ஒரே கட்டிலில் கால் நீட்ட இடமில்லாமல்
மடங்கிக் கிடக்கும் பிள்ளைகள் மாதிரி.
ஆறு என்கிறாள் எதிர் மேசை ஒத்தீலியா.
அவளுக்கு எண்ணத் தெரியாது, அல்லது
எனக்குக் கண் போய்விட்டது.

சால்ட்டோவில் இது செப்டம்பர்.
ஆற்றின் பனி பிளாஸ்டிக் கூரைக்குள்ளும் வருகிறது.
மாத்தே குடுவை கை மாறிச் சுற்றுகிறது,
ஒரே உறிஞ்சுகுழல், பதினோரு வாய்.

எங்கள் வேலை சுலபம்:
தாயைப் போலவே இருப்பதை விடு.
இல்லாததைப் பிடுங்கு.

தேனீ வந்து போன பிறகு
விதைக்குள் ஒன்று மட்டும் தகப்பனுக்குப் பிறக்கிறது.
அதைச் சுற்றிலும்
தாயின் தசையே முளைவிட்டு,
யாரையும் கேட்காமல்,
தாயைத் தாயாகவே திரும்பத் திரும்பப் பெறுகிறது.
நான்கு தாய்மார் நெருக்க
நடுவில் அந்த ஒன்று
பெரும்பாலும் மூச்சு முட்டிச் சாகும்.
சாகாமல் முளைத்தால்
நாங்கள் இருக்கிறோம்.

மூன்று மூன்றாய் இலை விட்ட ஆரஞ்சு நாற்று வரிசையில்
ஒற்றை இலையோடு ஒரு குள்ளம்.
இரண்டு விரல் போதும்.
மண்ணை விடும்போது வேரில் ஒரு சின்னச் சத்தம்,
பல்லிடுக்கில் நூல் அறுந்த மாதிரி.
இன்று நூற்று நாற்பத்திரண்டு.
இந்தக் கொட்டகையில்
தகப்பன் இருப்பதுதான் குற்றம்.

சிரிப்பு வந்தது எனக்கு.
யமந்தூவின் பள்ளிப் படிவத்தில்
தகப்பன் பெயர் என்ற கட்டத்தில்
ஆறு வருடமாய்க் கோடு இழுத்து வருகிறேன்.
எச்சேவெரி, என் பெயர், போதும்.
அலுவலகத்துப் பெண் ஒவ்வொரு மார்ச்சிலும்
பேனாவை என் பக்கம் திருப்பி
"ஏதாவது ஒன்று எழுதுங்களேன்" என்பாள்.
இங்கே வந்து பார், அம்மணி.
முழு வரிசைக்கும் கோடுதான்.
சான்றிதழ் வாங்கிய வரிசை.

மூக்கு என் மூக்கு. கோபம் என் கோபம்.
தூக்கத்தில் பல் நறநறப்பதுகூட.
என்னையே நட்டு எடுத்த மாதிரி என்று
ஊரே சொல்கிறது; நானும்
சொல்லித் திரிந்தேன்.

இரவு அவன் தலை துவட்டும்போது பார்த்தேன்:
இடது காது.
மேல் மடிப்பு வெளியே விரிந்து
கொஞ்சம் பெரிதாய், கொஞ்சம் சிவப்பாய்.
என் வீட்டில் யாருக்கும் இல்லாத காது.
எத்தனை வருடமாய் அங்கே இருக்கிறது அது.

பகலெல்லாம் பழகிய இரண்டு விரல்
தானாகவே போய்ப் பிடித்துக்கொண்டது.

"வலிக்குதும்மா" என்றான்.
விட்டுவிட்டேன்.